நானோ காந்தமும் மில் நானாவும்

முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நெல் குற்றுகிற மில்லில் வேலை செய்யும் ஒருவன் பேனையை எடுத்துக்கொண்டு புற்றுநோயைப் பற்றியும் விஞ்ஞானத்தைப் பற்றியும் எழுத வந்தால் வாசிப்பவர்களுக்கு எரிச்சல் வரும். எனக்கே வருகிறது. நான் படித்தது பள்ளிக்கூடத்தில் சாதாரண தரப் பரீட்சை வரைக்கும்தான். விஞ்ஞானத்தில் கிடைத்தது சாதாரண சித்தி, மயிரிழையில் பாஸ். பெறுபேறு வந்த அன்று என்னைவிட எனக்குப் படிப்பித்த ஆசிரியர்தான் கூடுதலாக ஆச்சரியப்பட்டார்.

அதோடு நான் கதைக்கத் தெரியாதவன். நாலு பேர் கூடியிருக்கிற இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது. கடைக்குச் சாமான் வாங்கப் போனால், எனக்குப் பின்னால் வந்த ஐந்தாறு பேர் வாங்கிக்கொண்டு போன பிறகுதான் கடைக்காரர் என்னைப் பார்த்து, "நீங்க என்ன நானா, ஆரையும் பார்த்துக்கொண்டு நிக்கிறீங்களா?" என்று கேட்பார். அப்படிப்பட்ட நான் எழுத உட்கார்ந்ததற்கு ஒரே காரணம், ஒரு பத்திரிகைத் துண்டின் கடைசிப் பந்தியை உரத்து வாசிக்காமல் விட்டதுதான். அந்த ஒரு பந்தியால் வந்த வினையை எழுதி வைத்தாலாவது மனம் ஆறும் என்று நினைக்கிறேன்.

'நானா' என்ற சொல்லை முதலே சொல்லிவிட வேண்டும். எங்கள் பக்கத்தில் அண்ணனைக் காக்கா என்போம், நானா என்றும் சொல்வோம். சொந்தமே இல்லாவிட்டாலும், கொஞ்சம் வயது போன ஆணை மரியாதைக்கு நானா என்று கூப்பிடுவதுதான் வழக்கம். மில்லுக்கு நெல் கொண்டு வருகிற எல்லாருக்கும் நான் நானா. என் சொந்தப் பெயர் சம்பளப் பதிவில் மட்டும்தான் இருக்கிறது.

என் வேலை காந்தத்தோடு சம்பந்தப்பட்டது. தொட்டியில் கொட்டிய நெல் மெசினுக்குள் இறங்குகிற வழியில் ஒரு காந்தம் பூட்டியிருப்பார்கள். நெல்லோடு சேர்ந்து வருகிற ஆணி, கம்பித் துண்டு, நெல் வெட்டுகிற மெசினிலிருந்து கழன்ற சின்ன நட்டு எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டாவிட்டால் மெசினின் பல் போய்விடும், அல்லது யாருடைய பல்லாவது போய்விடும். பகலுக்கு ஒரு தரம் மெசினை நிறுத்தி, அந்தக் காந்தத்தைக் கழற்றி, ஒட்டியிருப்பதை வழித்தெடுத்து, துடைத்துத் திரும்பப் பூட்டுவது என் பொறுப்பு. பதினேழு வருடமாகச் செய்கிறேன். அங்கே பழைய காந்தம் ஒன்றும் கிடந்தது. உடுப்புத் துவைக்கிற சவர்க்காரக் கட்டி அளவு இருக்கும். புதியது பூட்டிய பிறகு அது சும்மா என் மேசை லாச்சிக்குள் கிடந்தது.

என் ராத்தா, அதாவது அக்கா, என்னைவிட எட்டு வயது மூப்பு. எங்கள் வாப்பா உம்மாவிடம் இருந்த குரல் முழுவதும் முதல் பிள்ளைக்கே முடிந்துபோயிற்று என்று குடும்பத்தில் சொல்வார்கள். ராத்தா வீட்டில் பெண் பிள்ளைகளுக்குக் குர்ஆன் ஓதிக்கொடுக்கிறார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு இருபது பிள்ளைகள் வந்து முன் விறாந்தையில் உட்கார்ந்து சத்தமாக ஓதும். ராத்தா குசினியில் மீன் வெட்டிக்கொண்டிருப்பார். இருபது குரலுக்குள் ஒரு பிள்ளை ஓர் எழுத்தை இழுக்க வேண்டிய அளவுக்கு இழுக்காமல் விட்டால், குசினிக்குள்ளிருந்தே, "நாலாவதா இரிக்கிற புள்ள, அதத் திரும்ப ஓது" என்று சத்தம் வரும். அந்தப் பிள்ளை மட்டுமில்லை, வீதியில் சைக்கிளில் போகிறவரும் ஒரு கணம் பிரேக் பிடிப்பார்.

அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. முதலில் ஒரு நெல்லிக்காய் அளவு. ராத்தா அதைத் தைலம் பூசியே ஆறு மாதம் கொண்டு போனார். பிறகு நான்தான் தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மச்சானுக்கு, அதாவது ராத்தாவின் மாப்பிள்ளைக்கு, அப்போது வயலில் நெல் வெட்டு. ஊசியால் எடுத்துப் பரிசோதித்து, மறு கிழமை முடிவு சொன்னார்கள். புற்றுநோய்தான். ஆனால் நேரத்துக்கு வெட்டி எடுத்தால் நன்றாகச் சுகப்படுகிற வகை என்று சின்ன வயது டொக்டர் ஒருவர் நல்ல தமிழில், பொறுமையாக விளக்கினார். ஒப்பரேசனுக்குத் திகதி போட்டுக் கொடுத்தார். இரத்தம் குறைவாக இருக்கிறது என்று இரும்புச் சத்துக் குளிசையும் எழுதினார். கடைசியாகக் குரலைப் பற்றி ஏதோ சொல்லத் தொடங்கினார். ராத்தா 'குரல்' என்ற சொல்லைக் கேட்டதும் எழும்பி, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே போய்விட்டார். மிச்சத்தை நான்தான் தனியே இருந்து கேட்டேன். ராத்தாவும் கதவடியில் நின்று கேட்டிருப்பார் என்று நினைத்தேன். திரும்பி வருகிற பஸ்ஸில் ராத்தா ஒரு வார்த்தையும் கதைக்கவில்லை. நானும் கதைக்கவில்லை. என் விஷயத்தில் அது புதுமையில்லை என்பதால் யாரும் கவனிக்கவில்லை.

ஊருக்கு விஷயம் தெரிந்ததும் சுகம் விசாரிக்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். சுகம் விசாரிப்பதற்கு எங்கள் ஊரில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. ஒரு பிஸ்கட் பெட்டி, ஒரு பெருமூச்சு, அதே வருத்தம் வந்து மௌத்தாகி அடக்கமான யாராவது ஒருவருடைய கதை. இந்த மூன்றும் இல்லாமல் வருகிறவர் வந்ததாகக் கணக்கில்லை. முதல் இரண்டு நாளில் ராத்தா பதினொரு மௌத்துக் கதை கேட்டார். பிஸ்கட்டை ஓத வருகிற பிள்ளைகள் சாப்பிட்டார்கள்.

எனக்கு மௌத்துக் கதை சொல்ல வராது. வாங்கிலின் ஓரத்தில் இருந்து சீலிங்கைப் பார்த்துவிட்டு எழும்பி வருவேன். மூன்றாம் நாளும் அப்படிப் போய் இருக்க வெட்கமாக இருந்தது. அன்று காலை தேத்தண்ணிக் கடையில் பத்திரிகையில் ஒரு கட்டுரை கண்டேன். காந்தத்தால் புற்றுநோய்க்கு வைத்தியம். காந்தம் என்றதும் எனக்கு வேண்டியவர் ஒருவரைக் கண்டமாதிரி இருந்தது. கடைக்காரரிடம் கேட்டு அந்தப் பக்கத்தை வெட்டியெடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். இன்றைக்குச் சொல்ல ஒரு விஷயம் இருக்கிறது என்ற சந்தோசத்தில் ராத்தா வீட்டுக்குப் போனேன்.

வீட்டில் ராத்தா, மச்சான், பக்கத்து வீட்டு மாமி. மாமிக்குக் காது கொஞ்சம் மந்தம், கால் மட்டும் மந்தமில்லை. ஒரு செய்தி காலையில் அவருக்குக் கிடைத்தால் பகல் லுஹர் தொழுகைக்கு முன் சாய்ந்தமருது ஊர் வரைக்கும் போய்விடும்.

நான் வாசித்தேன். கண்ணுக்குத் தெரியாத மிகச் சின்ன இரும்புத் துணிக்கைகளை ஊசியால் கட்டிக்குள் செலுத்துவார்கள். அவற்றை நானோத் துணிக்கைகள் என்பார்கள். பிறகு நோயாளியை ஒரு மெசினுக்குள் வைத்து, திசை மாறி மாறித் திரும்புகிற காந்தப் புலத்தை உண்டாக்குவார்கள். துணிக்கைகள் சூடாகும். காய்ச்சல் சூட்டைவிடச் சற்றுக் கூடின அந்தச் சூட்டில் புற்றுநோய்க் கலங்கள், அதாவது செல்கள், சோர்ந்துபோகும், பக்கத்திலிருக்கிற நல்ல சதைக்கு அவ்வளவு சேதமில்லை. இதுதான் விஷயம்.

"நானோவா?" என்றார் மச்சான். அவர் நாற்பது வருடமாக வேளாண்மை செய்கிறவர். "நானோவ எனக்குச் சொல்லித் தரவா வேணும்? அந்தப் போகம் உரத்துக்குப் பதிலா நானோ எண்டு போத்தல்ல தந்தாங்களே, தண்ணி மாதிரி. அடிச்சி ஒரு கிழமையில வயல் வட்டையெல்லாம் மஞ்சள். இப்ப மனிசருக்கும் அடிக்கத் தொடங்கிற்றாங்களா?"

"இது வேற நானோ மச்சான்."

"எல்லா நானோவும் ஒரே போத்தல்தான். சரி, புலம் எண்டா என்ன? வயலா?"

"ஓம். இல்ல. காந்தம் இழுக்கிற இடம்."

"எத்தின ஏக்கர்?"

ராத்தா சிரித்தார். மூன்று நாளைக்குப் பிறகு அவர் சிரித்தது அதுதான். அந்தச் சிரிப்பில் எனக்குத் தலைகால் தெரியாமல் போயிற்று. கட்டுரையில் இருப்பதைவிடக் கொஞ்சம் கூட்டியும் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

"வெட்டமாட்டாங்களா?" என்று ராத்தா கேட்டார்.

"கத்தியே இல்லையாம்."

கடைசிப் பந்திக்கு வந்தபோது மச்சான் உள்ளேயிருந்து தேத்தண்ணி கொண்டு வந்தார். கோப்பை சத்தம், சீனி சத்தம், மாமியின் பெருமூச்சு. நான் அந்தப் பந்தியை வாசிக்கத்தான் செய்தேன். என் சாதாரணக் குரலில் வாசித்தேன். சுவரில் இருந்த பல்லிக்குக் கேட்டிருந்தால் அதிசயம். இந்த வைத்தியம் பெரும்பாலும் இன்னும் பரிசோதனையில்தான் இருக்கிறது, சில இடங்களில் சில வகைக் கட்டிகளுக்கு மட்டும், வேறு சிகிச்சையோடு சேர்த்துத்தான் செய்து பார்க்கிறார்கள், இதை நம்பி யாரும் டொக்டர் சொன்ன வைத்தியத்தைத் தள்ளிப்போடக் கூடாது என்று அதில் இருந்தது. வாசித்து முடித்து, மடித்து, சட்டைப் பைக்குள் வைத்துத் தேத்தண்ணியைக் குடித்தேன்.

நான் எழும்பிப் போகும்போது மாமி கேட்டார்: "ஏன் மனே, நானா காந்தம் எண்டா ஒண்ட மில்லில இரிக்கிற காந்தம்தானே?"

நான் தலையை ஆட்டினேன். இல்லை என்றுதான் ஆட்டினேன். மாமி ஓம் என்று எடுத்துக்கொண்டார்.

"அப்ப சூடுதான் மருந்து" என்றார் மாமி, ராத்தாவைக் காட்டி, மச்சானின் பக்கம் திரும்பி. "அத அறியாம நீங்க இந்தப் புள்ளைக்கு இளநியும் வெள்ளரிக்காயும் குடுத்துக்கொண்டிருக்கீங்க. குளிர்ச் சாமான் எல்லாத்தையும் நிப்பாட்டுங்க. சூட்டுச் சாமான் குடுங்க."

அடுத்த நாளிலிருந்து பிஸ்கட் பெட்டி நின்றது. நண்டு வந்தது. இறால் வந்தது. அன்னாசி வந்தது. மருதமுனையிலிருந்து சொந்தக்காரர் ஒருவர் முருங்கைக்கீரை போட்டுக் கணவாய்க் கறி காய்ச்சிச் சட்டியோடு கொண்டு வந்தார். காந்தப் புலத்தை நம்பாத மச்சான் இந்தப் பகுதியை முழுமனதோடு நம்பினார். ராத்தாவால் விழுங்க முடியாததை எல்லாம் அவரே இருந்து தின்று முடித்தார்.

மூன்று நாள் கழித்து ராத்தா எனக்கு ஆள் அனுப்பினார். போனேன்.

"தம்பி, ஒண்ட மில்லில பழைய காந்தம் ஒண்டு கெடக்கெண்டு சொன்னயே. அதத் தாவன்."

என்னத்துக்கு என்று கேட்டிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. கேட்டால் அவர் பதில் சொல்வார், அதற்கு நான் ஒரு பதில் சொல்ல வேண்டிவரும் என்ற பயம். இந்தப் பயத்தில் என் வாழ்க்கையில் பல காரியங்கள் நடந்திருக்கின்றன. இரவல் கேட்கிறவருக்கெல்லாம் சைக்கிள் கொடுத்திருக்கிறேன். பின்னேரமே காந்தத்தைத் துடைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பிறகுதான் விஷயம் விளங்கியது. ராத்தாவின் கணக்கு நேரானது. இரும்பு உள்ளே போக வேண்டும். கிளினிக்கில் தந்த இரும்புக் குளிசை இருக்கிறது, அது உள்ளே போகிறது. காந்தம் வெளியே இருக்க வேண்டும். தம்பி தந்த காந்தம் இருக்கிறது. அதை மச்சானின் லேஞ்சிக் கைக்குட்டையில் பொதிந்து, கழுத்தில் கட்டி, முக்காட்டால் மூடிக்கொண்டார். பிழை பிடிக்க இடமில்லாத ஏற்பாடு. ஒரேயொரு வில்லங்கம் முக்காட்டு ஊசிகளால் வந்தது. ராத்தா குத்துகிற ஊசி நிற்கிற இடத்தில் நில்லாமல் கழுத்துப் பக்கம் திரும்பும். ஓத வந்த பிள்ளையின் தலையில் ஊசியைச் சரிசெய்யக் குனிந்தால், அந்த ஊசியும் ராத்தாவிடம் வந்துவிடும். கிழமை முடிவில் ராத்தாவின் கழுத்தில் ஊரிலுள்ள ஊசி பாதி இருந்தது.

"சூடு தெரியுதா?" என்று மாமி கேட்பாராம்.

"தெரியுதுகா" என்பாராம் ராத்தா.

இதற்குள் செய்தி சாய்ந்தமருதைத் தாண்டியிருந்தது. ஆனால் போகிற வழியில் ஒரு எழுத்து மாறிவிட்டது. 'நானோ வைத்தியம்' என்று யாருக்கும் வாய் வரவில்லை. வரவும் தேவையில்லை, அதைவிடப் பழக்கமான ஒரு சொல் பக்கத்திலேயே இருக்கிறது. அது 'நானா வைத்தியம்' ஆயிற்று. நானா என்றால் எந்த நானா? காந்த நானா. காந்தம் எங்கே இருக்கிறது? மில்லில். மில்லில் காந்தத்துக்குப் பொறுப்பு யார்?

முதலில் வந்தவர் சொறிக்கல்முனையிலிருந்து நெல் கொண்டு வந்த ஒரு தமிழ் ஆள். மூட்டையை இறக்கிவிட்டு, சுற்றிலும் பார்த்துவிட்டு, மெதுவாகக் கேட்டார்: "நானா, இஞ்ச வைத்தியம் செய்யிற நானா ஆரு?"

"அப்பிடி ஒருவரும் இல்ல" என்றேன்.

மெசின் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு என் உதடு அசைந்ததுதான் தெரிந்திருக்கும். முழங்காலைத் திறந்து காட்டினார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் நன்றி சொல்லிவிட்டுப் போனார். அடுத்த கிழமை வந்து, முழங்கால் அரைவாசி சுகம் என்றார். பார்வையிலேயே சுகமாம்.

பிறகு ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வந்தார், காதில் இரைச்சல் என்று. மெசினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எப்படி இரைச்சலைக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. ஒரு உம்மா தன் மகளுக்கு முடி கொட்டுகிறது என்று வந்தார். நான் எல்லாரிடமும் இல்லை என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. கேட்ட ஒன்றிரண்டு பேரும், "பெரிய வைத்தியர்மார் அப்பிடித்தான், ஒத்துக்கொள்ள மாட்டாங்க" என்றார்கள். நான் கதைக்காமல் இருந்தது கைராசி என்று பெயர் எடுத்தது. காசு வாங்காதது அதைவிடப் பெரிய பெயர்.

மில் முதலாளி ஹாஜியார் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டார். ஏசப் போகிறார் என்று நினைத்துச் சந்தோசப்பட்டேன். யாராவது ஏசி நிறுத்தினால் நல்லது என்றிருந்தது.

"என்னடாப்பா, மில்லுக்கு நோயாளிகள் வாறாங்களாம்?"

"நான் வரச் சொல்லல்ல ஹாஜியார்."

"வரட்டும், வரட்டும். வாறவன் வெறுங்கையோட வராம ரெண்டு மூட்டை நெல்லையும் ஏத்திக்கொண்டு வரச் சொல்லு."

ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. எனக்கு அது கொஞ்சம் பிடித்திருந்தது. ஐம்பது வயது வரைக்கும் கடையில் வரிசையின் கடைசியில் நின்றவன் நான். இப்போது கடைக்குப் போனால், "நானாக்கு முதல்ல குடு" என்று யாராவது சொல்வார்கள். பள்ளிவாசலில் எனக்கு இடம் ஒதுக்கித் தந்தார்கள். வீட்டில் என் மனைவி மட்டும், "முதல்ல அந்தத் தண்ணி மோட்டரப் பார்த்துச் சுகப்படுத்துங்க, டொக்டர்" என்றாள். கடைசிப் பந்தி என் சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது. சட்டையைத் துவைக்கப் போடும்போதெல்லாம் அதை எடுத்து அடுத்த சட்டையில் வைத்தேன். யாருக்கும் வாசித்துக் காட்டவில்லை.

ஒரு புதன்கிழமை பகல் மச்சான் மில்லுக்கு வந்தார். நெல் கொண்டு வரவில்லை. மெசினுக்குப் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தார்.

"நாளைக்கு வார்டில சேர வேணும்" என்றார்.

"ஓம். நான் லீவு சொல்லிற்றன்."

"அவ வரமாட்டாவாம்."

நான் மெசினை நிறுத்தினேன். சுவிட்சை அமர்த்தினால் அது ஓய ஒரு நிமிடம் எடுக்கும்.

"ஒண்ட காந்தம் வேலை செய்யுதாம். கட்டி இளகிற்றாம். ஆஸ்பத்திரி எண்டு இனி ஆரும் கதைக்கக் கூடாதாம்." மச்சான் லேஞ்சியைத் தேடினார். அது ராத்தாவின் கழுத்தில் இருந்தது. உடுத்திருந்த சாரத்தின் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "நான் தொட்டுப் பார்த்தன். நெல்லிக்காய் இப்ப நாரத்தங்காய் ஆகிற்று. எனக்கு வயல் தெரியும், மச்சான். மஞ்சள் அடிச்சா முதல் நாளே தெரியும். அவக்கிட்டச் சொல்ல எனக்குத் தைரியம் இல்ல. நீ கொண்டுவந்து வச்ச கதை, நீயே எடு."

அன்று நான் காந்தத்தைத் துடைக்கவில்லை. அதில் ஒட்டியிருந்த ஆணியையும் நட்டையும் பொறுக்கி எறிந்துவிட்டு, மிஞ்சின இரும்புத் தூளை ஒரு பொலித்தீன் பைக்குள் தட்டிக்கொண்டேன். ஹாஜியாரிடம் சொல்லாமலே மில்லைவிட்டு வெளியே வந்தேன். பதினேழு வருடத்தில் அப்படி வந்தது முதல் தரம்.

அஸர் தொழுதுவிட்டுப் போனபோது பிள்ளைகள் விறாந்தையில் ஓதிக்கொண்டிருந்தார்கள். உள்ளே ராத்தா கதிரையில் இருந்தார். மாமி பக்கத்தில் இருந்தார். மச்சான் என்னை முன்னால் விட்டுவிட்டுக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டார்.

"சோத்துப் பீங்கான் ஒண்டு தாங்க" என்றேன்.

"என்னடா?" என்றார் ராத்தா.

"பீங்கான். அந்தக் காந்தத்தையும் கழட்டித் தாங்க."

ராத்தா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். நான் ஒன்றைத் தா என்று கேட்டது அவருக்கும் புதிது. லேஞ்சியை அவிழ்த்தார். நான் இரும்புத் தூளைப் பீங்கானில் கொட்டி, காந்தத்தைக் கீழே பிடித்தேன். தூள் முழுவதும் மயிர்க்கூச்செறிந்த மாதிரி எழும்பி நின்றது.

"சுபுஹானல்லாஹ்" என்றார் மாமி.

"விரல வச்சிப் பாருங்க ராத்தா."

வைத்தார்.

"சுடுதா?"

"இல்ல. குளிராத்தான் இரிக்கி."

"எத்தின நேரம் வச்சிருந்தாலும் குளிராத்தான் இரிக்கும். மில்லில காந்தத்தில விடியத் தொடக்கம் இரும்பு ஒட்டிக்கொண்டுதான் இரிக்கி. பதினேழு வருசம் தொட்டுத் தொட்டுத் துடைக்கிறன், ஒரு நாள் சுட்டதில்ல. மில்லில சுடுறது அரிசி. அது உரசி உரசி வாறதால சுடுது. அவங்கட மெசினுக்குள்ள காந்தம் ஒரு செக்கனுக்கு லட்சம் தரம் திரும்புது. அதுக்குள்ள கெடக்கிற தூள் நிம்மதியா நிக்க ஏலாம அந்தரப்பட்டுச் சூடாகுது. இந்தக் காந்தம் திரும்புமா? இது சும்மா கெடக்கிற காந்தம். என்னப் போல."

"அப்ப குளிசையில இரிக்கிற இரும்பு?" என்று மாமி கேட்டார்.

"அது ரெத்தத்துக்குப் போற இரும்பு மாமி. கட்டிக்குள்ள ஊசியால வைக்கிறது வேற."

"நீதானே மனே வைத்தியம் செய்யிற நானா?"

"நான் மில்லில வேலை செய்யிற நானா."

இந்த வசனம் எவ்வளவு சத்தமாக வந்தது என்றால், விறாந்தையில் ஓதல் நின்றுவிட்டது. நான் சட்டைப் பைக்குள்ளிருந்து பத்திரிகைத் துண்டை எடுத்து, எழும்பி நின்று, கடைசிப் பந்தியை வாசித்தேன். பிள்ளைகள் ஓதுகிற மாதிரி இழுத்து, நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாக வாசித்தேன். முடிந்ததும் மறுபடியும் ஒரு தரம் வாசித்தேன். மாமி இந்த முறை பெருமூச்சு விடவில்லை. முக்காட்டைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டுக் கேட்டார்.

ராத்தா பீங்கானில் நின்ற தூளை விரலால் ஒரு தரம் தடவினார்.

"எனக்குத் தெரியும்டா" என்றார். "மூணாம் நாளே தெரியும். காந்தம் சுடல்ல. லேஞ்சிதான் சுட்டது, இந்த வெக்கைக்கு."

"பிறகு ஏன்?"

"டொக்டர் சொன்னாரே, குரல் போகும் எண்டு. வாயில்லாம நான் ஆரு? புள்ளைகளுக்கு எப்பிடி ஓதிக் குடுக்கிற? மச்சான ஆரு ஏசுற?"

கதவுக்கு வெளியே மச்சான் இருமினார்.

"போகும் எண்டு சொல்லல்ல ராத்தா" என்றேன்.

"என்ன?"

"நீங்க எழும்பிப் போன பிறகுதான் டொக்டர் மிச்சத்தைச் சொன்னார். கொஞ்ச நாளைக்குக் கம்மும். கூடின ஆக்களுக்குத் திரும்பி வரும். அந்த நரம்பில கை படாமப் பார்த்துத்தான் செய்வாங்களாம். வராமப் போறதும் இரிக்கி, ஆனா அது குறைவாம். வெட்டாம விட்டா கட்டியே குரல அமத்திப் போடுமாம், அதையும் சொன்னார்."

"இத நீ ஏன் இவ்வளவு நாளும் சொல்லல்ல?"

"கதவடியில நிண்டு நீங்களும் கேட்டிருப்பீங்க எண்டு நினைச்சன்."

"கேட்டிருந்தா நான் ஏன்டா கழுத்தில இரும்புக் கட்டியக் கட்டிக்கொண்டு திரியிறன்?"

ராத்தா என்னைக் கொஞ்ச நேரம் ஏசினார். நல்ல உரத்த குரலில், எங்கள் வாப்பா காலத்து விஷயங்களையும் சேர்த்து ஏசினார். கட்டி வந்த பிறகு அவ்வளவு நீளமாக அவர் கதைத்து நான் கேட்கவில்லை. ஏசி முடித்து, லேஞ்சியை உதறி, கதவுப் பக்கம் நீட்டினார். மச்சான் வந்து வாங்கிக்கொண்டார்.

"வெறும் வயித்தோட போக வேணுமா நாளைக்கு?"

"இல்ல. நாளைக்குச் சேர்ந்தாப் போதும். சாப்பிட்டுப் போகலாம்."

"அப்ப நண்டு மிச்சம் இரிக்கி. நீயும் தின்னிட்டுப் போ" என்றார். பிறகு விறாந்தைப் பக்கம் திரும்பி, "ஏன் நிண்டுபோன நீங்க? ஆரு ஒங்கள நிப்பாட்டச் சொன்ன?" என்றார். இருபது பிள்ளைகளும் ஒரே நேரத்தில் தொடங்கினார்கள்.

மறுநாள் வியாழக்கிழமை. காலை ஆறரை பஸ்ஸில் போய் ராத்தாவை வார்டில் சேர்த்தோம். கட்டில் காலியாகும் வரை பின்னேரம் இரண்டு மணி வரைக்கும் ராத்தா வாங்கில் இருந்தார். ஒப்பரேசன் வெள்ளிக்கிழமை என்று நேர்ஸ் எழுதிக் கொடுத்தார். திரும்பி வரும்போது மில்லுக்குப் போய், ராத்தாவிடம் வாங்கின பழைய காந்தத்தை லாச்சிக்குள் வைத்தேன். அதில் முக்காட்டு ஊசி இரண்டு ஒட்டியிருந்தது.